எம்ஜிபி காரின் ரேடியேட்டரை வீட்டு வாசலில் கழட்டுவது எப்படி?

இன்னிக்கு எபிசோடுல கோடும் இல்ல, கிளவுடும் இல்ல. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆன ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், அதோட ரேடியேட்டர், அதை வீட்டு வாசல்ல நிறுத்திக் கழட்டுறது எப்படி. அவ்வளவுதான் டாபிக்.

"என்கிட்ட ஸ்கூட்டரே இல்ல, எனக்கெதுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ரேடியேட்டர்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா இன்ஜின் ஏன் சூடாகுது, அந்தச் சூடு எங்க போகுது, எது கெட்டுப்போனா என்ன அறிகுறி தெரியும், இந்த மூணும் எல்லா வண்டிக்கும் பொதுவானது. பழைய கார்ல எல்லாமே கண்ணுக்குத் தெரியிற மாதிரி இருக்கும். அதனால கத்துக்கிறதுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கழட்டுற வேலைல மனுஷனையும் மிருகத்தையும் உண்மையாவே காயப்படுத்தக்கூடிய ரெண்டு விஷயம் இருக்கு. அந்த ரெண்டையும் தெளிவா சொல்லிடணும்னுதான் இந்த எபிசோடே.

கார் எது?

எம்ஜிபி. எம்ஜின்னா மோரிஸ் கேரேஜஸ். 1962-ல இருந்து 1980 வரைக்கும் இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்துல இருக்கிற அபிங்டன் தொழிற்சாலைல இதைத் தயாரிச்சாங்க. திறந்த மேற்கூரை ரோட்ஸ்டர் முதல்ல வந்தது. 1965-ல கூரையோட ஜிடி மாடல் வந்தது. ரெண்டும் சேர்த்து அஞ்சு லட்சத்துக்கும் மேல. ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு இது ரொம்பப் பெரிய எண்ணிக்கை. அதனாலதான் இன்னிக்கும் பிரிட்டன்ல உதிரி பாகத்துக்குப் பஞ்சமே இல்ல. 1988-ல பழைய அச்சுகளையே வச்சு முழு பாடி ஷெல்லையும் புதுசா செய்ய ஆரம்பிச்சாங்கன்னா பாத்துக்கோங்க.

உள்ள இருக்கிறது 1798 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின். பிஎம்சி பி-சீரிஸ்னு சொல்வாங்க. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இந்த இன்ஜினோட குடும்பம் நல்லாவே பழக்கம். நம்ம அம்பாசிடர்ல ரொம்ப வருஷம் ஓடின 1489 சிசி இன்ஜினும் இதே பி-சீரிஸ்தான். ஒண்ணு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னுது, இன்னொண்ணு இங்கிலாந்து கிராமத்து ரோட்டுல பறந்துச்சு. ஆனா ரெண்டும் பெரியப்பா பையன், சித்தப்பா பையன் மாதிரி. உங்க தாத்தா அம்பாசிடர் பானெட்டைத் தூக்கிட்டுத் தண்ணி ஊத்தினதைப் பாத்திருந்தீங்கன்னா, இன்னிக்குச் சொல்லப்போறது பாதி உங்களுக்குத் தெரிஞ்ச கதை.

இங்க எடுத்துக்கிட்ட கார் 1972 மாடல் ரோட்ஸ்டர். என் காலேஜ் நண்பன் இப்ப இங்கிலாந்துல வேலை பாக்குறான். அவனோட பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தக் காரை நாப்பது வருஷத்துக்கு மேல வச்சிருக்கார். முட்டி ரெண்டும் போயிடுச்சு, குனிய முடியாது. நெடுஞ்சாலைல போனா டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறுதுன்னு வண்டியை வெளிய எடுக்கிறதையே நிறுத்திட்டார். வித்துடலாமான்னு யோசிச்சிட்டு இருந்தவர்கிட்ட, "நான் கையைக் கொடுக்கிறேன், நீங்க சொல்லிக் கொடுங்க"ன்னான் இவன். ரெண்டு சனிக்கிழமை. நான் வீடியோ கால்ல இருந்தேன்.

ரேடியேட்டர் என்ன பண்ணுது?

பெட்ரோல் எரியும்போது வர்ற சக்தில சுமாரா மூணுல ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போற வேலையா மாறும். இன்னொரு பங்கு சைலன்சர் வழியா சூடா வெளிய போயிடும். மிச்சத்துல பெரும்பகுதியைத் தண்ணிதான் எடுத்துட்டுப் போகணும். வண்டி ஓட்டுறதுக்குப் பயன்படுற அளவுக்குக் கிட்டத்தட்ட சமமான சூட்டை ரேடியேட்டர் காத்துல விட்டாகணும். விடலைன்னா அஞ்சு பத்து நிமிஷத்துலேயே ஹெட் கேஸ்கெட் போகலாம், ஹெட் வளையலாம்.

ஆரம்ப காலத்து கார்கள்ல இதுதான் பெரிய தலைவலி. தண்ணியைக் கொதிக்க விட்டு, ஆவியா போனதை மறுபடி ஊத்தி ஊத்தி ஓட்டினாங்க. வில்ஹெல்ம் மேபாக் 1901 மெர்சிடிஸ் 35 எச்பி காருக்குத் தேன்கூடு ரேடியேட்டர் பண்ணினார். ஆயிரக்கணக்கான குட்டிக் குழாய்களை ஒண்ணா சால்டர் பண்ணி, அதுக்கு நடுவுல காத்து போற மாதிரி அமைச்சார். தண்ணி கம்மியா போதும், காத்து படுற பரப்பு பல மடங்கு. இன்னிக்கு உங்க லேப்டாப்ல இருக்கிற ஹீட் சிங்க் வரைக்கும் இதே யோசனைதான்: பரப்பைக் கூட்டு, காத்தை ஓட விடு.

1972 எம்ஜிபில மேல ஒரு தொட்டி, கீழ ஒரு தொட்டி, நடுவுல செங்குத்தா மெல்லிசான குழாய்கள். குழாய்களுக்கு நடுவுல ஃபின்னுன்னு சொல்ற தகடுகள். எல்லாம் செம்பு, பித்தளை. இன்ஜின்ல இருந்து சூடான தண்ணி மேல் ஹோஸ் வழியா வரும், குளிர்ந்து கீழ இறங்கும், கீழ் ஹோஸ் வழியா வாட்டர் பம்ப் இழுத்துக்கும். பெல்ட்டுல சுத்துற ஃபேன் பின்னாடி இருந்து காத்தை இழுக்கும். நடுவுல தெர்மோஸ்டாட்னு ஒரு வால்வு, வழக்கமா 82 டிகிரி செல்சியஸ்ல திறக்கும். அதுவரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாது. மொத்தம் அஞ்சரை லிட்டர் சுமாருக்குத்தான் கூலன்ட் பிடிக்கும். சின்ன பக்கெட்டுல அடங்கிடும்.

கழட்டுறதுக்கு முன்னாடி

புரொடக்ஷன்ல சர்வர் ஸ்லோ ஆனா, முதல் வேலையா டேட்டாபேஸை மாத்த மாட்டோம்ல? லாக் பாப்போம். காருக்கும் அதே ஒழுங்கு வேணும். வண்டி சூடாகுதுன்னதும் ரேடியேட்டர் மேல பழி போடுறது ரொம்ப சுலபம். ஏன்னா முன்னாடி பெருசா தெரியிறது அதுதான். அந்தப் பெரியவர்கிட்டயும் ஒரு கேரேஜ்ல காரைத் திறந்துகூட பாக்காம, "புது அலுமினிய ரேடியேட்டர் போட்டுடுங்க சார்"னு சொல்லியிருக்காங்க.

முதல் கேள்வி: எப்ப சூடாகுது? டிராஃபிக்ல நிக்கும்போது சூடாகி, வேகமா போனா இறங்கிடுதுன்னா, குறை காத்துல. ஃபேன் பெல்ட் தொளதொளன்னு இருக்கலாம், ஃபின்னுக்கு நடுவுல பூச்சியும் மண்ணும் அடைச்சிருக்கலாம். பெல்ட்டோட நீளமான பக்கத்தைக் கட்டைவிரலால அழுத்தினா அரை அங்குலம், அதாவது 13 மில்லிமீட்டர் அளவுக்கு உள்ள போகணும். அதுக்கு மேல போனா இறுக்கணும். இதுக்குக் காசே ஆகாது.

டவுனுக்குள்ள நல்லா இருந்து, நெடுஞ்சாலைல வேகமா போகும்போது முள்ளு ஏறுதுன்னா, குறை பெரும்பாலும் தண்ணி ஓட்டத்துல. வேகத்துல இன்ஜின் அதிகச் சூட்டை உண்டாக்கும், அடைச்சுப்போன குழாய்களால அதை ஏத்துக்க முடியாது. ஆனா அங்கயும் சந்தேகப்பட வேண்டிய வேற ஆட்கள் உண்டு. கீழ் ஹோஸ் பம்ப் இழுக்கிற பக்கம் இருக்கு. பழைய ரப்பர் மெத்துன்னு ஆகியிருந்தா, வேகம் கூடும்போது உறிஞ்சப்பட்டு உள்ள ஒட்டிக்கும். ஸ்ட்ரால கெட்டியான மில்க் ஷேக் குடிக்கும்போது ஸ்ட்ரா சப்பையாகுமே, அதேதான். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் இன்ஜின் தேவையில்லாம சூடாகும். தெர்மோஸ்டாட் பாதி திறந்து நின்னுபோகலாம். அதைக் கழட்டி, பாத்திரத்துத் தண்ணில போட்டு, அடுப்புல வச்சு, தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தா எந்தச் சூட்டுல திறக்குதுன்னு தெரிஞ்சிடும்.

மூடியையும் பாருங்க. ரேடியேட்டர் மூடின்னா வெறும் மூடி கிடையாது, அது ஒரு பிரஷர் வால்வு. குக்கர் வெயிட் மாதிரி. அதோட ரப்பர் வாஷர் வெடிச்சிருந்தா அழுத்தம் நிக்காது, தண்ணி சீக்கிரமே கொதிக்கும். புது மூடி விலையும் ரேடியேட்டர் விலையும் எங்கயோ எங்கயோ.

கடைசியா, மனசு கேட்க விரும்பாத கேள்வி: ஹெட் கேஸ்கெட். ஆறின வண்டில மூடியைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணினா தண்ணில விடாம குமிழி வருதா? ஆயில் மூடிக்கு அடியில மயோனைஸ் மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கா? தண்ணி குறையுது, ஆனா கீழ எங்கயும் சொட்டலையா? இதுல ஆமான்னு பதில் வந்தா நீங்க ரேடியேட்டரைக் கழட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல.

நண்பன் எல்லாத்தையும் வரிசையா பாத்தான். பெல்ட் சரி, மூடி சரி, தெர்மோஸ்டாட் சரி, குமிழி இல்ல. அப்புறம் இன்ஜினை நல்லா சூடாக்கி, அணைச்சுட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் மேல இடமிருந்து வலமா நகர்த்தினான். நடுவுல ரெண்டு இடத்துல மேல இருந்து கீழ வரைக்கும் பட்டை பட்டையா ஆறிக் கிடந்தது. குழாய் செங்குத்தா போகுதுன்னு சொன்னேன்ல? குளிர்ந்த பட்டைன்னா அந்தக் குழாய்கள்ல தண்ணியே ஓடலைன்னு அர்த்தம். இப்பதான் ஸ்பேனரை எடுக்க நமக்கு உரிமை வந்தது.

முதல் ஆபத்து: மூடி

இதை மட்டும் ரெண்டு தடவை சொல்றேன். இன்ஜின் சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. துணி வச்சும் திறக்காதீங்க, மெதுவாவும் திறக்காதீங்க. சூடா இருக்கும்போது திறக்கவே திறக்காதீங்க.

காரணம் சின்ன கணக்குதான். சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம் தாங்குற மூடி போட்டா, உள்ள இருக்கிற தண்ணி 100 டிகிரில கொதிக்காது, 115 டிகிரி வரைக்கும் தண்ணியாவே இருக்கும். கூலன்ட் கலந்திருந்தா இன்னும் கொஞ்சம் மேல. அந்த நேரத்துல மூடியைத் திறந்தா அழுத்தம் ஒரே நொடில போயிடும். 110 டிகிரி தண்ணி திடீர்னு 100-ல கொதிக்கிற தண்ணியா மாறும், ஒரு பகுதி அப்படியே ஆவியாகி, மிச்சத்தைத் தள்ளிக்கிட்டு உங்க முகத்துக்கு வரும். இது எம்ஜிபிக்கு மட்டும் இல்ல. நாளைக்கு உங்க மாருதி ஈசிஆர்ல சூடாகி நின்னாலும் இதே விதிதான். ஓரமா நிறுத்துங்க, இன்ஜினை அணைங்க, அரை மணி நேரத்துக்கு மேல காத்திருங்க. மேல் ஹோஸை அழுத்திப் பாருங்க. மெத்துன்னு, ஆறி இருந்தா மட்டும் மூடி பக்கம் போங்க. கழட்டுற வேலைக்கு இன்னும் நல்லது, ராத்திரி முழுக்க ஆற விட்டுக் காலைல தொடங்குறது.

கழட்டுற வரிசை

முந்தின ராத்திரியே ஒரு வேலை இருக்கு. எல்லா போல்ட்டுலயும் துரு இளக்குற ஆயில் அடிச்சு விட்டுடுங்க. எட்டு மணி நேரம் அது பண்ற வேலையை உங்க தோள் பலம் பண்ணாது.

கருவி: இது பிரிட்டிஷ் கார், அங்குல ஸ்பேனர்தான். 7/16, 1/2 ரெண்டும் இருந்தா பெரும்பாலும் போதும். 1/2 அங்குலம்னா 12.7 மில்லிமீட்டர். "13 இருக்கே, போட்டுடலாம்"னு தோணும். புது போல்ட்டுன்னா ஒருவேளை தாங்கும். ஐம்பது வருஷத் துருப்பிடிச்ச போல்ட்டோட முனை உருண்டுபோச்சுன்னா அந்த நாளே போச்சு.

காரைச் சமதரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரியைத் துண்டிங்க. 1972 கார்ல ஆச்சரியமான விஷயம், பேட்டரி பானெட்டுக்குள்ள இருக்காது. சீட்டுக்குப் பின்னாடி தரைக்கு அடியில ரெண்டு 6 வோல்ட் பேட்டரி. "ஃபேன் பெல்ட்டுலதானே ஓடுது, கரண்டை ஏன் துண்டிக்கணும்?"னு நண்பன் கேட்டான். ஆல்டர்னேட்டர் ரேடியேட்டருக்குப் பக்கத்துலேயே இருக்கு. அதோட பெரிய டெர்மினல்ல சாவி இல்லைன்னாலும் கரண்ட் உண்டு. ஸ்பேனர் வழுக்கி ஒரு முனை அங்கயும் இன்னொரு முனை பாடிலயும் பட்டா தீப்பொறிதான்.

அடுத்து தண்ணியை இறக்கணும். முதல்ல ஹீட்டர் கண்ட்ரோலைச் சூடு பக்கம் திருப்புங்க, அப்பதான் ஹீட்டருக்குள்ள இருக்கிறதும் வடியும். அகலமான தட்டு ஒண்ணைக் கீழ வைங்க. சில பழைய ரேடியேட்டர்ல அடியில குழாய்த் திருகு இருக்கும், பிந்தைய மாடல்கள்ல அது இல்ல, கீழ் ஹோஸைத்தான் கழட்டணும். மூடியைத் திறந்து வச்சாதான் வேகமா வடியும். காரை ஜாக்கில தூக்கியிருந்தா ஸ்டாண்ட் போடாம கீழ தலையை விடாதீங்க. ஜாக் தூக்குறதுக்கு, தாங்குறதுக்கு இல்ல.

இன்ஜின் பிளாக்ல வலது பக்கம் பின்னாடி ஒரு வடிகால் இருக்கு. பலர் அதைத் தொடுறதே இல்ல. இங்கதான் பெரியவர் நாற்காலில உக்காந்தபடி ஒரு கம்பியை நீட்டினார். திருகைக் கழட்டினா ஒரு சொட்டு கூட வரல. கம்பியை உள்ள விட்டுக் குத்தினதும் செம்மண் குழம்பு மாதிரி இறங்கிச்சு. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட். வருஷக்கணக்கா உதிர்ற துரு எல்லாம் பின்பக்கம், நாலாவது சிலிண்டரைச் சுத்திப் படியும். அதே துருதான் ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்குது. புது ரேடியேட்டர் மட்டும் போட்டுட்டு இந்தச் சேற்றை உள்ளேயே விட்டிருந்தா, கொஞ்ச நாள்ல புதுசும் அடைச்சிருக்கும்.

அடுத்து ஹோஸ். கிளிப்பைத் தளர்த்திட்டு இழுத்தா வராது, ஒட்டிப்போயிருக்கும். அப்ப பெரிய ரெஞ்சைப் போட்டு முறுக்கக் கூடாது. உள்ள இருக்கிறது மெல்லிசான பித்தளைக் கழுத்து, ஈயம் கலந்த சால்டர்ல ஒட்டினது. முறுக்கினா கழுத்தோட வந்துடும். கத்தியால ஹோஸை நீளவாக்குல கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரிச்சு எடுங்க. ஹோஸ் எப்படியும் புதுசு போடப்போறோம்.

இப்ப ஒரு அட்டைப் பெட்டியைக் கிழிச்சு, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல செருகுங்க. தூக்கும்போது ஃபேன் இறக்கை ஃபின்னைக் கிழிக்காம இது காப்பாத்தும். இன்னொரு அட்டைல ரேடியேட்டர் படத்தை வரைஞ்சு, ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்த இடத்துலயே குத்தி வைங்க. ரெண்டு வாரம் கழிச்சு மாட்டும்போது இது உங்களுக்கு வர்ஷன் கண்ட்ரோல்.

எம்ஜிபில ரேடியேட்டர் நேரா பாடில மாட்டியிருக்காது. நடுவுல ஒரு தகட்டுச் சட்டம் இருக்கு. சட்டத்தோட சேர்த்தும் எடுக்கலாம், சட்டத்தை விட்டுட்டு ரேடியேட்டரை மட்டும் பக்கவாட்டு போல்ட்டுகளைக் கழட்டியும் எடுக்கலாம். ஆயில் கூலர் இருக்கிற கார்ல அதோட ஹோஸ் ரெண்டும் இந்தச் சட்டத்துக்குள்ள புகுந்துதான் போகும். அதனால அவன் சட்டத்தைத் தொடாம ரேடியேட்டரை மட்டும் எடுத்தான். ஆயில் இணைப்பைத் திறக்க வேண்டிய அவசியமே வரல. போல்ட் சுத்தாம அடம்பிடிச்சா, கொஞ்சம் இறுக்குற பக்கம் அசைச்சு, அப்புறம் தளர்த்துற பக்கம் அசைங்க. பலம் மட்டும் போட்டா போல்ட் தலை தனியா வந்துடும்.

கடைசி போல்ட்டுக்கு முன்னாடி ஒரு கையால பிடிச்சுக்கோங்க. நேரா மேல தூக்குங்க, சாய்க்காதீங்க. சில கார்கள்ல டெம்பரேச்சர் மீட்டருக்குப் போறது ஒயர் இல்ல, திரவம் அடைச்ச மயிரிழைக் குழாய். அது ஒடிஞ்சா மீட்டரே போச்சு, ஹோஸ் கிட்ட வேலை பாக்கும்போது அதுல கைபடாம பாத்துக்கோங்க.

மொத்த நேரம், டீ குடிச்சதையும் சேர்த்து, ரெண்டரை மணி நேரம்.

இரண்டாவது ஆபத்து: தட்டுல இருக்கிற தண்ணி

தட்டுல பச்சையாவோ நீலமாவோ இருக்கிறது எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட். அது இனிப்பா இருக்கும். நாய், பூனை நக்கிக் குடிச்சிடும். ஒரு பூனையைக் கொல்ல ஒரு டீஸ்பூன் போதும். உடம்புக்குள்ள போனதும் கல்லீரல் அதை ஆக்சாலிக் அமிலமா மாத்தும், அது கால்சியத்தோட சேர்ந்து படிகமாகி சிறுநீரகத்தை அடைக்கும். முதல் சில மணி நேரம் போதை ஏறின மாதிரி தள்ளாடும், அப்புறம் தேறிட்ட மாதிரி தெரியும், அந்த நேரத்துலதான் கிட்னி போயிட்டு இருக்கும். சில கம்பெனிகள் கசப்பு சேர்க்கிறாங்க. அதை நம்பித் தட்டைத் திறந்து வைக்காதீங்க. குழந்தைகளுக்கும் இதே ஆபத்துதான்.

அதனால வடிச்ச உடனே மூடி போட்ட கேன்ல ஊத்தி, மேல பேர் எழுதுங்க. குடிக்கிற பாட்டில்ல ஊத்தவே ஊத்தாதீங்க. சிந்தினதை மண்ணோ மரத்தூளோ போட்டு எடுத்துட்டு, தரையைக் கழுவுங்க. தெருச் சாக்கடைல ஊத்தக் கூடாது. பிரிட்டன்ல தெருவோர மழைநீர் வடிகால் பெரும்பாலும் நேரா ஆத்துக்குத்தான் போகும். அங்க நகராட்சியோட கழிவு மையத்துல இதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், நண்பனும் அதைத்தான் பண்ணினான்.

பழசா, புதுசா?

கழட்டின ரேடியேட்டருக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, தொட்டியைச் சூடாக்கிப் பிரிச்சு, குழாய்க்குள்ள மெல்லிசான கம்பி விட்டுச் சுத்தம் பண்றது. ரெண்டு, மேல் கீழ் தொட்டிகளை வச்சுக்கிட்டு நடுவுல இருக்கிற கோரை மட்டும் புதுசா போடுறது. மூணு, முழுசா அலுமினியத்துல வாங்குறது.

அலுமினியம் எடை குறைவு, நல்லா செஞ்சிருந்தா சூட்டையும் நல்லா விடும். ஆனா வெல்டிங் விட்டுப்போனா தெருமுனைல சால்டர் வச்சு சரிபண்ண முடியாது. செம்பு பித்தளை ரேடியேட்டரோட அழகே அதுதான், திரும்பத் திரும்பப் பிரிச்சுச் சேர்க்கலாம். பெரியவர் கோர் மாத்துறதையே தேர்ந்தெடுத்தார். தொட்டிகள் பழசு, குழாய்கள் புதுசு. வெளிய இருந்து பாத்தா அதே ரேடியேட்டர்.

அது வர்றதுக்குள்ள நண்பன் தோட்டத்து ஹோஸை வச்சு பிளாக்கையும் ஹீட்டரையும் கழுவினான், தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும்.

மாட்டுறது கழட்டினதோட தலைகீழ் வரிசைதான், கூடவே சில கவனம் வேணும். எல்லா போல்ட்டையும் கையால பாதி ஏத்திட்டு, அப்புறம் இறுக்குங்க. ஹோஸ், கிளிப், தெர்மோஸ்டாட் கேஸ்கெட் எல்லாம் புதுசு. கூலன்ட் வாங்கும்போது நிறத்தைப் பாத்து வாங்காதீங்க, நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. செம்பு, பித்தளை, சால்டர் இருக்கிற பழைய காருக்கு சிலிக்கேட் சேர்த்த பழைய வகை கூலன்ட்தான் பாதுகாப்பு. புது கார்களுக்கான நீண்ட ஆயுள் வகைகளோட அதைக் கலக்காதீங்க. பாதிக்குப் பாதி தண்ணி கலந்தா மைனஸ் 35 டிகிரி சுமாருக்கு உறையாது. இங்கிலாந்துல அது முக்கியம். தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் விரியும், பிளாக்கே வெடிக்கும். நம்ம ஊர்ல உறையாதே, சும்மா குழாய்த் தண்ணி போதாதான்னா, போதாது. துருவைத் தடுக்கிற மருந்து கூலன்ட்லதான் இருக்கு. அந்தச் செம்மண் குழம்பை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஊத்தும்போது ஹீட்டர் சூடு பக்கமே இருக்கட்டும். மெதுவா ஊத்தி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்க, உள்ள மாட்டின காத்து வெளிய வரும். ஆறின இன்ஜினை மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணுங்க. தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டுனு சூடாகும், தண்ணி மட்டம் இறங்கும். அப்ப கொஞ்சம் ஊத்திட்டு மூடிடுங்க. ஒரு சின்ன ரவுண்டு போயிட்டு வந்து, முழுசா ஆறின பிறகு கிளிப்பையும் மட்டத்தையும் இன்னொரு தடவை பாருங்க.

இப்ப நெடுஞ்சாலைல முள்ளு நடுவுலேயே நிக்குது. ஓட்டினது பெரியவர்தான், கிளட்ச் மிதிக்கிற அளவுக்கு முட்டி ஒத்துழைச்சது. வண்டியை விக்கிற பேச்சு இப்போதைக்கு இல்ல. அடுத்து கார்புரேட்டரைப் பாக்கணுமாம், ரெண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் ஒரே சீரா வைக்கணுமாம். நண்பன் அதுக்கும் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிட்டான்.

உங்க வீட்ல, இல்ல தாத்தா வீட்ல, அம்பாசிடரோ பத்மினியோ எதாவது பழைய வண்டி ஓரமா நின்னுட்டு இருந்தா, இந்த வார இறுதில பானெட்டைத் தூக்குங்க. ஒண்ணும் கழட்ட வேண்டாம். வண்டி ஆறி இருக்கான்னு பாத்துட்டு, மூடியைத் திறந்து, உள்ள தண்ணி என்ன நிறத்துல இருக்குன்னு மட்டும் பாருங்க. செம்மண் நிறமா இருந்தா, எங்க தொடங்கணும்னு உங்களுக்கு இப்ப தெரியும். அடுத்த எபிசோடுல பாப்போம்.